சைபர் தாக்குதலில் ஒரு தொழில் எதை இழக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு, நடுத்தரத் தொழில் நடத்துகிறவர்களும் அவர்களுடைய கணக்குப் பிரிவில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நாலு வரி போதும், சிலவற்றை விரிவாகச் சொன்னால்தான் புரியும். கூடுமானவரை உண்மையில் நடந்த சம்பவங்களை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

எங்களுடையது இருபது பேர் வேலை பார்க்கும் கம்பெனி. எங்களை எதற்கு ஹேக் செய்யப் போகிறார்கள்?

பெரும்பாலான தாக்குதல்களில் யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரே போலி இமெயில் லட்சம் பேருக்குப் போகிறது. இணையத்தில் பாதுகாப்பில்லாமல் கிடக்கும் சர்வர்களை மென்பொருளே தேடிப் பிடிக்கிறது. எந்தக் கதவு திறந்தது என்று பார்த்த பிறகுதான் அது யாருடைய கம்பெனி என்று அவர்களுக்கே தெரியும்.

2017 ஜூன் 27 அன்று பரவிய நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். உக்ரைனில் வரிக்கணக்கு தாக்கல் செய்யப் பயன்படும் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக அது கிளம்பியது. அடி வாங்கியதோ டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம். அவர்கள் இலக்கே இல்லை. உக்ரைனில் ஓர் அலுவலகமும் அந்த மென்பொருளும் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் என்று அவர்களே அறிவித்தார்கள். நவி மும்பை பக்கம் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்தும் முனையத்திலும் வேலை முடங்கியது.

மெர்ஸ்க் அதைத் தாங்கிக்கொண்டது. எல்லாருக்கும் அந்தப் பலம் இருக்காது. பிரிட்டனில் 'நைட்ஸ் ஆஃப் ஓல்ட்' என்ற பெயரில் லாரி ஓட்டிய கேஎன்பி குழுமம் 158 வருடப் பழமையானது. 2023-இல் ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் (ரான்சம்) கேட்கும் மென்பொருள், அவர்களுடைய கணக்கு விவரங்களை எல்லாம் பூட்டியது. கடன் கொடுப்பவர்களுக்குக் காட்டக் கணக்கு இல்லை. அதே ஆண்டில் நிறுவனம் மூழ்கி, சுமார் 700 பேருக்கு வேலை போனது. எளிதில் ஊகிக்கக்கூடிய ஓர் ஊழியரின் பாஸ்வேர்ட் வழியாகத்தான் உள்ளே வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் பின்னால் சொன்னது.

திருடு போன பணம்தானே நஷ்டம்? அதற்கு மேல் என்ன இருக்கிறது?

பல சம்பவங்களில் திருட்டே நடப்பதில்லை. வேலை நின்றுபோவதுதான் நஷ்டம்.

டாடா மோட்டார்ஸுக்குச் சொந்தமான ஜாகுவார் லேண்ட் ரோவர் 2025 செப்டம்பர் தொடக்கத்தில் தன் கம்ப்யூட்டர் அமைப்புகளைத் தானே அணைக்க வேண்டி வந்தது. தொழிற்சாலைகள் ஐந்து வாரம் போல நின்றன. இயந்திரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்த உதிரி பாகம் எங்கே இருக்கிறது, எந்த வண்டி யாருக்குப் போகிறது, எந்த பில்லுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்ற தகவல் கிடைக்காமல் போனதே காரணம். பிரிட்டனின் சைபர் கண்காணிப்பு மையம் அந்நாட்டுப் பொருளாதாரத்துக்கு ஏற்பட்ட இழப்பை 190 கோடி பவுண்டு என்று மதிப்பிட்டது.

அதே ஆண்டு ஏப்ரலில் பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகள் தாக்கப்பட்டன. ஆறு வாரத்துக்கும் மேலாக இணையத்தில் துணி ஆர்டர் எடுக்க முடியவில்லை. லாபத்தில் 30 கோடி பவுண்டு வரை அடி விழும் என்று நிறுவனமே கணித்தது.

உங்கள் கம்பெனிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். டேலி திறக்கவில்லை, இமெயில் இல்லை, பில் போட முடியவில்லை என்றால் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பீர்கள்? சம்பளத் தேதி, ஜிஎஸ்டி தேதி, கடன் தவணை, பார்ட்டிக்குக் கொடுத்த டெலிவரி தேதி இவற்றில் முதலில் எது வரும்? அந்த நாள்தான் உங்கள் கெடு.

நாங்கள் பெரிய கம்பெனிக்குச் சரக்கு கொடுப்பவர்கள். அங்கே தாக்குதல் நடந்தால் எங்களுக்கு என்ன?

ஜாகுவார் விஷயத்தில் பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் 5,000-க்கும் மேல் என்று அதே மையம் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் எந்தப் போலி இமெயிலையும் திறந்தவர்கள் அல்ல. வாங்குகிறவர் நிறுத்தியதும் இவர்களுடைய கூலியும் வட்டியும் மட்டும் நிற்காமல் ஓடின. சப்ளையர்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகவே பிரிட்டன் அரசு 150 கோடி பவுண்டு கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. என்னை மிகவும் வருத்துவது இந்தப் பகுதிதான். ஒரு தவறும் செய்யாத சிறிய பட்டறைக்காரருக்கு இன்சூரன்ஸும் கிடையாது, செய்தியில் பெயரும் வராது.

நம் நாட்டிலும் இதே கதை வேறு வடிவில் நடந்தது. 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் என்ற தொழில்நுட்பச் சேவை நிறுவனத்தில் ரான்சம்வேர் புகுந்தது. அதை நம்பியிருந்த சுமார் 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் பணப் பரிமாற்றச் சேவை தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது. எந்த வெளி நிறுவனத்தின் மென்பொருள் நின்றால் உங்கள் வேலை நிற்கும் என்று தெரிந்து வைத்திருப்பது பாதி முன்னேற்பாடு.

சப்ளையரிடமிருந்து "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று இமெயில் வந்திருக்கிறது. நம்பலாமா?

நம்பாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். அமெரிக்காவின் எஃப்பிஐக்கு 2024-இல் வந்த புகார்களில் இந்த வகை மோசடியில் மட்டும் போன தொகை 277 கோடி டாலர்.

நடக்கிற விதம் இது. போலி லாகின் பக்கம் ஒன்றில் யாரோ பாஸ்வேர்டைத் தட்டிவிடுகிறார்கள். அது உங்கள் ஆளாகவும் இருக்கலாம், சப்ளையரின் ஆளாகவும் இருக்கலாம். மோசடிக்காரர் அந்த மெயில்பெட்டிக்குள் வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்கிறார். வாரக்கணக்கில் படிக்கிறார். யார் யாருக்கு எழுதுகிறார்கள், எப்போது அட்வான்ஸ் போகும், கையெழுத்து எப்படி இருக்கும் எல்லாம் தெரிந்துகொள்கிறார். ப்ரொஃபார்மா இன்வாய்ஸ் போகிற நாளில் கிட்டத்தட்ட அதே முகவரியிலிருந்து ஒரு மெயில் வருகிறது. ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்திருப்பார்கள், அவசரத்தில் கண் பிடிக்காது. "எங்கள் கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்த முறை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று இருக்கும். இன்வாய்ஸ் எண், தொகை, சரக்கு விவரம் எல்லாம் சரியாகவே இருக்கும்.

பணம் போன பிறகு நடப்பதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. உண்மையான சப்ளையருக்குப் பணம் வரவில்லை, அதனால் சரக்கை எடுக்கத் தேவையான கப்பல் ரசீதை (பில் ஆஃப் லேடிங்) தரமாட்டார். கன்டெய்னர் துறைமுகத்தில் கிடந்து டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும். சரக்கு வரவில்லை என்றால் இறக்குமதிகளைக் கண்காணிக்கும் ஐடிபிஎம்எஸ் என்ற வங்கிப் பதிவில் உங்கள் இறக்குமதி முடிக்கப்படாமல் நிற்கும், அதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அப்புறம் யாருடைய மெயில் ஹேக் ஆனது, யார் நஷ்டத்தை ஏற்பது என்ற சண்டை. பத்து வருடப் பழக்கம் அதில் உடைந்துபோகும்.

தடுப்பதற்குச் செலவு ஒரு போன் கால். வங்கி விவரம் மாறினால், உங்களிடம் பழைய ஃபைலில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து, நீங்கள் அறிந்த குரலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அழைக்கக் கூடாது, அந்தப் போனை எடுப்பவர் மோசடிக்காரரே. பர்சேஸ் ஆர்டரிலேயே "வங்கிக் கணக்கு மாற்றத்தை இமெயில் மூலம் மட்டும் ஏற்க மாட்டோம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உள்நாட்டுப் பரிமாற்றத்துக்கு இன்னொரு உதவி கிடைத்திருக்கிறது. ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டும் கணக்கு எண்ணை மட்டும் பார்த்துப் பணத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தன. அனுப்பும் முன் கணக்கு வைத்திருப்பவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் முதல் கட்டணமின்றித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அந்தப் பெயரைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

முதலாளியே வாட்ஸ்அப்பில் பணம் அனுப்பச் சொன்னால்?

அவருடைய போட்டோவை வைத்து, "மீட்டிங்கில் இருக்கிறேன், போன் எடுக்க முடியாது, உடனே இந்தக் கணக்குக்கு அனுப்பு" என்று வருவது இப்போது சாதாரணம். வீடியோவும் ஆதாரம் ஆகாது. 2024-இல் வெளிவந்த ஒரு சம்பவத்தில், ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலக ஊழியர் வீடியோ கூட்டத்தில் நிதித் தலைவரையும் சக ஊழியர்களையும் பார்த்துப் பேசிவிட்டுத்தான் 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். அந்த முகங்கள் எல்லாமே டீப்ஃபேக், கம்ப்யூட்டரில் உருவாக்கிய போலி.

இங்கே முதலாளிக்கு ஒரு வேண்டுகோள். "என்னைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் அனுப்பாதே, நான் கோபப்பட்டாலும் பரவாயில்லை" என்று கணக்குப் பிரிவில் எல்லார் முன்னாலும் சொல்லி வையுங்கள். முதலாளியைக் கேள்வி கேட்கப் பயப்படும் அலுவலகத்தில்தான் இந்த மோசடி பலிக்கிறது.

பணம் போய்விட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

சைபர் மோசடிப் புகாருக்கான தேசிய உதவி எண் 1930-க்குப் போன், அதே நேரத்தில் இன்னொருவர் உங்கள் வங்கிக்குப் போன். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு. திருட்டுப் பணம் ஒரு கணக்கில் தங்காது. முதல் கணக்கிலிருந்து நாலைந்து கணக்குக்குப் பிரிந்து ஏடிஎம், கிரிப்டோ என்று கரையும். அதற்குள் பிடித்தால்தான் நிறுத்திவைக்க முடியும். அதனால் "சாயங்காலம் வரை பார்க்கலாம், முதலாளி வரட்டும்" என்று காத்திருக்காதீர்கள். யூடிஆர் எண் (வங்கி தரும் பரிமாற்ற எண்), தொகை, நேரம், அனுப்பிய கணக்கு, பெற்ற கணக்கு இந்த ஐந்தும் கையில் இருக்கட்டும்.

பணம் வெளிநாட்டுக்குப் போயிருந்தால், உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவிடம் மோசடி என்று எழுதிக் கொடுத்து, வெளிநாட்டு வங்கிகளுக்குச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாகத் திரும்பப் பெறும் செய்தியை உடனே அனுப்பச் சொல்லுங்கள். நம்ம கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கிக்கு 2018 பிப்ரவரியில் இதுதான் நடந்தது. ஹேக்கர்கள் ஸ்விஃப்ட் வழியாக மூன்று பரிமாற்றங்களை அனுப்பியிருந்தார்கள், மொத்தம் 20 லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு. மறுநாள் கணக்கு ஒப்பிட்டுப் பார்க்கும்போது அது தெரியவந்தது. உடனே தகவல் போனதால் துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் அப்படியே நிறுத்தப்பட்டது. தினமும் காலையில் வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் பழைய வழக்கத்தை மாதக் கடைசிக்குத் தள்ளிவிட்ட கம்பெனிகள் நிறைய. அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

நாங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. எங்கள் நடப்புக் கணக்கை ஏன் முடக்கினார்கள்?

இது இன்று இந்தியச் சிறு வணிகர்களை மிகவும் வாட்டும் பக்கவிளைவு. எங்கோ ஒருவர் 1930-இல் புகார் கொடுக்கிறார். அவருடைய பணம் போன தடத்தைப் போலீஸ் பின்தொடர்கிறது. அந்தத் தடத்தில் மூன்றாவது, நாலாவது ஆள் உங்கள் கடையில் சரக்கு வாங்கி யுபிஐயில் பணம் போட்டிருந்தால், உங்கள் கணக்கும் சங்கிலியில் வந்துவிடும். 8,000 ரூபாய் வந்ததற்காக 12 லட்சம் இருக்கும் கணக்கு மொத்தமாக நிற்கும். காவல் நிலையம் வேறு மாநிலத்தில் இருக்கும். கொடுத்த செக் திரும்பும், கூலி கொடுக்க முடியாது.

பதற்றத்தில் வங்கி மேலாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. புகார் எண், எந்தக் காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்வாய்ஸ், இ-வே பில், டெலிவரி ரசீது, வாங்கியவருடன் நடந்த உரையாடல் இவற்றை அந்த விசாரணை அதிகாரிக்கு அனுப்பி, சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை விடுவிக்கக் கேளுங்கள். கேட்பதற்கு அடிப்படை இருக்கிறது. தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவதைச் சென்னை, கேரள உயர் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. எதற்கும் சம்பளத்துக்கான பணத்தை யுபிஐ வரவு வராத இன்னொரு வங்கிக் கணக்கில் வைத்திருப்பது நல்லது.

ரான்சம் கேட்கிறார்கள். கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாமா?

கொடுத்தாலும் வேலை உடனே ஓடாது. அமெரிக்காவில் எண்ணெய்க் குழாய் நடத்தும் கலோனியல் பைப்லைன் 2021 மே மாதம் 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் 44 லட்சம் டாலர், கொடுத்தது. கிடைத்த திறப்பு மென்பொருள் அவ்வளவு மெதுவாக இருந்ததால் தங்கள் பேக்கப்பை வைத்தே மீண்டார்கள். 2024-இல் அமெரிக்காவில் மருத்துவ பில்களைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் 2.2 கோடி டாலர் கொடுத்தது. பணத்தை வாங்கிய கும்பல், தாக்குதலை நடத்திய தன் கூட்டாளியை ஏமாற்றிவிட்டு மறைந்தது. பங்கு கிடைக்காத கூட்டாளியிடம் தகவல் அப்படியே இருந்தது, இன்னொரு கும்பல் மறுபடி மிரட்டியது.

என் கருத்து, கொடுக்காதீர்கள். பூட்டப்பட்ட கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்துவிடவும் வேண்டாம். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், திரையைப் படம் எடுங்கள், ஹார்ட் டிஸ்கை எடுத்து வையுங்கள். பழைய ரான்சம்வேர் சிலவற்றுக்கு இலவசத் திறப்பு மென்பொருள் பின்னால் வெளிவந்திருக்கிறது.

தினமும் பேக்கப் எடுக்கிறோமே, போதாதா?

அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதே கம்ப்யூட்டரில் செருகியே கிடக்கும் ஹார்ட் டிஸ்க் ரான்சம்வேருக்கு இன்னொரு டிரைவ், அதையும் சேர்த்துப் பூட்டும். இலங்கை அரசின் மேகச் சேவைக்கு 2023-இல் அதுதான் நேர்ந்தது. சர்வரும் பூட்டப்பட்டது, இணைப்பிலிருந்த பேக்கப்பும் பூட்டப்பட்டது. மே நடுவிலிருந்து ஆகஸ்ட் வரையிலான அரசு இமெயில்கள் போயின.

மெர்ஸ்க் தப்பித்தது கானாவில் இருந்த ஒரே ஒரு சர்வரால். தாக்குதல் நேரத்தில் அங்கே மின்சாரம் போயிருந்ததால் அது மட்டும் நெட்வொர்க்கில் இல்லை. அதிலிருந்து தொடங்கித்தான் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் மறுபடி நிறுவினார்கள். அவர்களுக்கு அது அதிர்ஷ்டம். நீங்கள் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்றை எப்போதும் கழற்றி வீட்டிலோ பீரோவிலோ வைத்தால் அதையே ஏற்பாடாகச் செய்துகொள்ளலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் அந்த பேக்கப்பைத் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பிப் பயனில்லை.

வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்தால் சட்டப்படி என்ன கடமை?

சைபர் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் சைபர் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு. சிறு நிறுவனங்களுக்கும் உண்டு. கம்ப்யூட்டர் அமைப்பில் யார், எப்போது, என்ன செய்தார்கள் என்று காட்டும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில்தான் வருகிறது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் போதிய பாதுகாப்பு செய்யாததற்கான அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதுவரை செய்யக்கூடிய நல்ல காரியம், தேவையில்லாத ஆதார் நகல்களையும் பழைய பட்டியல்களையும் அழிப்பது. இல்லாத தகவல் கசியாது.

சைபர் இன்சூரன்ஸ் எடுத்தால் நிம்மதியாக இருக்கலாமா?

பாலிசியைப் படித்த பிறகு சொல்லுங்கள். போலி மெயிலை நம்பி நீங்களே அனுப்பிய பணத்துக்குப் பல பாலிசிகளில் தனி, சிறிய வரம்பு இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. வேலை நின்ற நாட்களுக்கு எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு இழப்பீடு தொடங்கும் என்றும் பாருங்கள். நாட்பெட்யாவில் பாதிக்கப்பட்ட மாண்டலீஸ் என்ற பிஸ்கட், சாக்லேட் நிறுவனம் சூரிக் இன்சூரன்ஸுடன் பல வருடம் வழக்காட வேண்டியிருந்தது. "இது போர்ச் செயல், எங்கள் பொறுப்பில்லை" என்பது இன்சூரன்ஸ்காரர்களின் வாதம். 2022-இல்தான் சமரசம் ஆனது.

ஏமாந்த பணத்தை நஷ்டமாகக் கணக்கில் காட்டலாமா?

தொழிலோடு ஒட்டி வரும் கையாடல் நஷ்டத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1958-லேயே சொல்லியிருக்கிறது. ஏமாந்தது எப்படி என்பதைப் பொறுத்து விவரம் மாறும். எஃப்ஐஆர், வங்கிக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஃபைல் போட்டு உங்கள் ஆடிட்டரிடம் கொடுங்கள்.

தவறான லிங்கைத் திறந்த ஊழியரை வேலையை விட்டு அனுப்பலாமா?

கூடாது. அவரை அனுப்பினால் மற்ற எல்லாரும் ஒரு பாடம் கற்றுக்கொள்வார்கள்: தப்பு நடந்தால் வெளியே சொல்லாதே. அடுத்த முறை விஷயம் உங்கள் காதுக்கு வர மூன்று நாள் ஆகும், 1930-க்குப் பேசி எந்தப் பிரயோஜனமும் இருக்காது. பல இடங்களில் மாட்டிக்கொள்பவர் 15,000 ரூபாய் சம்பளத்தில் பில் போடும் பெண்ணோ புதிதாகச் சேர்ந்த பையனோதான். பாதுகாப்பு முழுவதையும் அவர் தலையில் வைத்தது யார்? அந்த ஆளையே உட்காரவைத்து, அந்த மெயில் எப்படி இருந்தது என்று மற்றவர்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். எந்த வெளிப் பயிற்சியாளரும் அந்த அளவுக்குப் புரியவைக்க முடியாது.

ஐம்பதாயிரம் ரூபாய்தான் ஒதுக்க முடியும். எதில் போடுவது?

முதலில் காசே செலவாகாதவை. கம்பெனி இமெயில், நெட் பேங்கிங், டேலியின் ரிமோட் இணைப்பு எல்லாவற்றுக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஒருவர் பதிவேற்ற, இன்னொருவர் ஒப்புதல் தரும் முறையை வங்கியில் கேட்டு வாங்குங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் லாகினை அன்றே மூடுங்கள். மெயில்பெட்டியின் செட்டிங்கில் உங்களுக்குத் தெரியாத ஃபார்வர்ட் முகவரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அப்புறம் செலவு: இரண்டு ஹார்ட் டிஸ்க், திருட்டு விண்டோஸ் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு உரிமம், நெட்வொர்க் தெரிந்த ஒருவரை அரை நாள் வரவழைத்து வெளியிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கவிடும், திறந்து கிடக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை மூடுவது. மிச்சம் இருந்தால் நல்ல ஆன்டிவைரஸ். கடைசியாக ஒரு தாளில் 1930, வங்கி மேலாளர், அந்நியச் செலாவணிப் பிரிவு, கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர், ஆடிட்டர் ஆகியோரின் எண்களை அச்சடித்துக் கணக்குப் பிரிவின் சுவரில் ஒட்டுங்கள். கம்ப்யூட்டர் பூட்டப்பட்ட அன்று, அதற்குள் சேமித்து வைத்த எண்கள் கிடைக்காது.